ஓர் ஆய்வுக்கூடம் உலகை விழுங்குமா?

அணுவினும் நுண்ணிய துகள்களை ஒளியின் வேகத்தை நெருங்கும் வேகத்தில் ஒன்றோடொன்று மோதவிட்டு, அம்மோதலில் பிறப்பனவற்றைக் கொண்டு பொருளின் அடிப்படை இயல்பை ஆராயும் துறைக்குத் துகள் இயற்பியல் என்று பெயர். பொதுமக்களின் அன்றாட வாழ்விலிருந்து வெகு தொலைவில் நிற்கும் இத்துறையின் மீது, கால் நூற்றாண்டுக்கும் மேலாக, பிற துறைகள் அரிதாகவே சந்திக்கும் ஓர் ஐயம் படிந்திருக்கிறது. ஆய்வு கைமீறிப் போனால் சேதம் ஆய்வகத்தோடு நிற்குமா, பூமியே இல்லாமல் போகுமா என்பதே அந்த ஐயம். இதை விவரம் அறியாதோரின் பீதி என்று ஒதுக்கிவிடும் வழக்கம் அறிவியலாளர் பலரிடம் உண்டு. ஆனால் நடந்தவற்றை வரிசையாக எடுத்துப் பார்க்கும்போது, இக்கேள்வியை முதன்முதலில் எழுப்பியவர்கள் இயற்பியலாளர்களே என்பதும், கேள்வியை மதித்து விடை தேடிய இடங்களில் அறிவியல் ஆதாயம் அடைந்ததும், செவிகொடுக்காத இடங்களில் பெரும் இழப்பைச் சந்தித்ததும் புலப்படும்.

1942ஆம் ஆண்டின் கோடையில், கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் ராபர்ட் ஓப்பன்ஹைமர் கூட்டிய சிறு குழுவின் முன், அணுகுண்டு வெடிக்கும்போது எழும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றோடொன்று இணையத் தொடங்கி, வளிமண்டலம் முழுவதுமே பற்றிக்கொள்ளுமா என்ற கேள்வியை எட்வர்ட் டெல்லர் வைத்தார். ஹான்ஸ் பெத்தே கணக்கிட்டுப் பார்த்து, அவ்வாறு எரிவதால் கிடைக்கும் ஆற்றலைவிடக் கதிர்வீச்சாக வெளியேறிவிடும் ஆற்றலே மிகுதி என்பதால் தீ தொடர்ந்து பரவ வழியில்லை என்றார். அக்கணக்கை விரித்துரைக்கும் அறிக்கையை டெல்லரும் அவருடைய சகாக்கள் இருவரும் நிறைவு செய்தது 1946இல். முதல் குண்டு நியூ மெக்சிகோ பாலைவனத்தில் 1945 ஜூலையிலேயே வெடித்துவிட்டது. கணக்கு சரியாகவே இருந்தது. எனினும், உலகத்தைப் பணயமாக வைக்கக்கூடுமோ என்று ஒரு சிலர் மூடிய அறைக்குள் விவாதித்தபோது, அந்த உலகத்தில் வாழும் வேறு எவரிடமும் அதைப் பற்றிக் கேட்கப்படவில்லை. பிற்காலத்தில் எழுந்த அச்சங்கள் பலவற்றின் அடியில் இந்த நினைவு கிடக்கிறது.

பொது அரங்குக்கு இந்த விவாதம் வந்தது 1999இல். நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் உள்ள புரூக்ஹேவன் தேசிய ஆய்வகம், எலக்ட்ரான்களை இழந்து மின்னூட்டம் பெற்ற தங்க அணுக்களை, அதாவது தங்க அயனிகளை, எதிரெதிர்த் திசைகளில் முடுக்கி மோதவிடும் 'ரிக்' என்ற மோதுவியைக் கட்டி முடிக்கும் தறுவாயில் இருந்தது. புரோட்டான்களும் நியூட்ரான்களும் குவார்க்குகள் என்ற அடிப்படைத் துகள்களால் ஆனவை. பேரண்டம் பிறந்த முதல் சில மைக்ரோ நொடிகளில் அந்தக் குவார்க்குகள் எதற்குள்ளும் அடைபடாமல் கட்டற்றுத் திரிந்த நிலையை மீண்டும் உண்டாக்கிப் பார்ப்பதே அதன் நோக்கம். அவ்வாண்டு 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில், இந்த மோதல்கள் கருந்துளையை உண்டாக்குமா என்று கேட்கும் வாசகர் கடிதம் வெளியானது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஃபிராங்க் வில்செக் அதற்கு எழுதிய விடையில், கருந்துளைக்கு வாய்ப்பில்லை என்று கூறியதோடு, கருதிப் பார்க்கத்தக்க இன்னொரு பொருளாக 'ஸ்ட்ரேஞ்ச்லெட்' என்பதைக் குறிப்பிட்டு, அதற்கும் அஞ்ச வேண்டியதில்லை என்று முடித்திருந்தார். லண்டனின் 'சண்டே டைம்ஸ்' 1999 ஜூலை 18 அன்று, பெருவெடிப்பு இயந்திரம் பூமியை அழிக்கக்கூடும் என்ற தலைப்பில் செய்தி வெளியிட்டது.

ஸ்ட்ரேஞ்ச்லெட் என்பது கற்பனைக் கதையில் வந்த பொருளன்று. நாம் அறிந்த அணுக்கருக்கள் இரண்டு வகைக் குவார்க்குகளால் ஆனவை. 'ஸ்ட்ரேஞ்ச்' எனப்படும் மூன்றாம் வகைக் குவார்க்கும் ஏறக்குறையச் சம அளவில் கலந்த பொருள், சாதாரண அணுக்கருவைவிட நிலைத்தன்மை மிக்கதாக இருக்கக்கூடும் என்று 1984இல் எட்வர்ட் விட்டன் ஒரு கருதுகோளை முன்வைத்தார். அப்படிப்பட்ட பொருளின் சிறு துணுக்கு நிலைத்து நின்று, எதிர் மின்னூட்டமும் கொண்டிருந்தால், நேர் மின்னூட்டம் கொண்ட அணுக்கருக்களைத் தன்பால் ஈர்த்து, அவற்றையும் தன்னைப் போலவே மாற்றிக்கொண்டு வளரும். பாலில் விழுந்த உறைமோர்த் துளி குடத்துப் பாலையெல்லாம் தயிராக்குவது போல. இதில் 'இருந்தால்' என்ற சொல் பல படிகளில் வருகிறது. ஒவ்வொரு படிக்கும் எதிராக வலுவான கோட்பாட்டுக் காரணங்கள் உண்டு. ஆயினும் கோட்பாட்டுக் காரணங்களை மட்டும் நம்பி உலகத்தின் பாதுகாப்பை உறுதி செய்யலாமா என்பது நியாயமான கேள்வி. ஏனென்றால், கோட்பாடு எங்கே பிழைபடுகிறது என்று கண்டறிவதற்காகத்தானே மோதுவிகளே கட்டப்படுகின்றன.

புரூக்ஹேவன் ஆய்வகத்தின் அன்றைய இயக்குநர் ஜான் மார்பர்கர் இந்தக் கேள்வியை ஒதுக்கவில்லை. விட் புசா, ராபர்ட் ஜாஃபி, ஜாக் சாண்ட்வைஸ், வில்செக் ஆகிய நால்வரைக் கொண்டு குழு அமைத்து, விடையை எழுத்தில் கேட்டார். 1999 செப்டம்பரில் அவர்கள் அளித்த அறிக்கை கோட்பாட்டோடு நில்லாமல் நிலவைச் சாட்சிக்கு அழைத்தது. விண்வெளியின் ஆழத்திலிருந்து காஸ்மிக் கதிர்கள் எனப்படும் உயர் ஆற்றல் துகள்கள் எல்லா வான்பொருள்கள் மீதும் இடையறாது பொழிகின்றன. அவற்றில் இரும்பு போன்ற கனமான அணுக்கருக்களும் உண்டு. பூமியின் மீது விழுபவை வளிமண்டலத்தின் நைட்ரஜனிலும் ஆக்சிஜனிலும் மோதிவிடுகின்றன. அவை இலேசான அணுக்கள் என்பதால் கன அணுக்கருக்கள் தமக்குள் மோதும் நிகழ்வுக்குப் பூமியின் வானம் சான்றாகாது. நிலவுக்கு வளிமண்டலம் இல்லை. அதன் வெற்றுத் தரையில் கிடக்கும் இரும்பின் மீது வானிலிருந்து வரும் இரும்பு 450 கோடி ஆண்டுகளாக நேராகவே மோதி வருகிறது. அம்மோதல்களில் ஒன்றேனும் ஆபத்தான துணுக்கைப் பிறப்பித்திருந்தால் இன்று நிலவு என்ற பொருளே இருந்திராது.

எளிமையும் ஆழமும் ஒருங்கே கொண்ட வாதம் இது. எனினும் இதிலும் ஓர் ஓட்டை இருந்தது; அதைக் கண்டவர்களும் இயற்பியலாளர்களே. மோதுவியில் இரு துகள்களும் எதிரெதிராக வந்து முட்டுவதால் பிறக்கும் பொருள் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே இருக்கக்கூடும். நிலவில் ஒரு துகள் நிற்க மற்றது வந்து தாக்குவதால் பிறக்கும் பொருள் பெருவேகத்தில் பாயும், பாயும் வழியிலேயே சிதைந்தும் போகலாம். ஆகவே நிலவு தப்பியது மோதுவிக்குப் பொருந்தாது என்ற மறுப்பு எழ இடமிருந்தது. இதே காலத்தில், செர்ன் எனப்படும் ஐரோப்பிய அணு ஆய்வு அமைப்பைச் சார்ந்த தார், டி ருஹுலா, ஹைன்ஸ் மூவரும் வேறொரு வழியில் சென்றார்கள். விண்வெளியிலேயே காஸ்மிக் கதிர்கள் இரண்டு எதிரெதிராக மோதும் நிகழ்வுகள் உண்டு என்றும், அவற்றில் பிறக்கும் மெதுவான துணுக்குகள் விண்மீன்களுக்குள் விழுந்து அவற்றை வெடிக்கச் செய்திருக்கும் என்றும், நாம் காணும் விண்மீன் வெடிப்புகளின் எண்ணிக்கை அதற்கு இடம் தரவில்லை என்றும் அவர்கள் காட்டினார்கள்.

அடுத்து வந்த விமர்சனம் இயற்பியலை விட்டு அறத்தைத் தொட்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் கென்ட் 2004இல் வெளியிட்ட கட்டுரையில், 'ஆபத்து இதற்கு மேல் இருக்க முடியாது' என்று அறிவியலாளர்கள் தரும் மேல்வரம்பு எவ்வளவு சிறிதாக இருந்தால் போதுமானது என்று கேட்டார். அப்படித் தரப்பட்ட, ஐந்து கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு என்ற எண் கேட்பதற்கு மிகச் சிறிதாகத்தான் தோன்றும். ஆனால் பணயப் பொருள் அன்றைய உலகின் 600 கோடி மக்கள் என்னும்போது, பெருக்கிப் பார்த்தால் கிடைப்பது 120 உயிர்கள். 120 பேரைக் கொல்லும் என்று எதிர்பார்க்கப்படும் ஓர் ஆய்வுக்கு எந்த நாடும் அனுமதி தராது. மேல்வரம்பு என்பது உண்மையான வாய்ப்பு ஆகாது. உண்மையான வாய்ப்பு அதைவிடப் பன்மடங்கு சிறியதாகவோ முற்றிலும் சுழியாகவோ இருக்கலாம். ஆயினும் 'அஞ்ச வேண்டாம்' என்று சொல்வதற்கு முன் எந்த அளவுக்கு உறுதி தேவை என்பதை யாரும் தீர்மானித்திருக்கவில்லை என்பதும், அந்த ஆய்வைச் செய்ய ஆர்வம் கொண்டிருந்த சமூகத்திடமே அதை மதிப்பிடும் பணியும் விடப்பட்டிருந்தது என்பதும் கென்ட் சுட்டிய குறைகள். இத்துறையில் எழுதப்பட்டவற்றுள் பொதுமக்கள் அறிய வேண்டிய முதன்மையான கட்டுரை அதுவே எனலாம்.

ரிக் 2000ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கி எந்தக் கேடும் விளைவிக்கவில்லை. பேச்சு ஜெனீவாவுக்கு நகர்ந்தது. அங்கே செர்ன் அமைப்பு, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் எல்லையில் நிலத்தடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் அமைத்த பெரும் ஹாட்ரான் மோதுவி, 14 லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட் மோதல் ஆற்றலுக்காக வடிவமைக்கப்பட்டது. நாம் அறிந்த ஈர்ப்பு விதிப்படி, நுண் கருந்துளை ஒன்றை உண்டாக்க இதைப்போலப் பல நூறு லட்சம் கோடி மடங்கு ஆற்றல் வேண்டும். ஆனால் வெளிக்கு நீளம், அகலம், உயரம் என்ற மூன்று பரிமாணங்களுக்கு மேலும் மறைந்த பரிமாணங்கள் இருந்தால், மிகச் சிறு தொலைவுகளில் ஈர்ப்பு வலுப்பெறும் என்று 1998இல் ஆர்கனி ஹமேட், டிமோபவுலோஸ், டிவாலி ஆகியோர் முன்மொழிந்தனர். அப்படியானால் செர்ன் மோதுவி கருந்துளைகளின் தொழிற்சாலையாகவே மாறலாம் என்ற ஆய்வுக்கட்டுரைகள் 2001இல் பெரும் உற்சாகத்தோடு வெளிவந்தன. கருந்துளை பிறக்கலாம் என்று அறிவியலாளர்களே மகிழ்ச்சியுடன் அறிவித்துவிட்டு, அதைக் கேட்டுக் கலங்கிய மக்களைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

அந்த மகிழ்ச்சிக்கு அடிப்படை, 1974இல் ஸ்டீஃபன் ஹாக்கிங் கண்ட முடிவு: கருந்துளை கதிர்வீச்சை வெளியிட்டுத் தேயும்; சிறியதாக இருக்க இருக்க விரைவாகத் தேயும்; மோதுவியில் பிறக்கும் அளவுள்ள ஒன்று பிறந்த கணத்திலேயே மறைந்துவிடும். அக்கதிர்வீச்சை எவரும் இதுவரை நேரில் கண்டதில்லை. எனவே, ஹாக்கிங் சொன்னது பொய்த்துப்போனால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடை கண்டே ஆக வேண்டியிருந்தது. ஸ்டீவ் கிடிங்ஸ், மிகெலாஞ்சலோ மங்கானோ இருவரும் 2008இல் எழுதிய, நூறு பக்கங்களை ஒட்டிய ஆய்வு அந்தக் கேள்வியை அதன் மிகக் கடுமையான வடிவிலேயே எடுத்துக்கொண்டது. கருந்துளை தேயாது என்றே வைத்துக்கொள்வோம். மின்னூட்டம் அற்றது என்றும், மோதுவியில் பிறந்தவற்றுள் சில, பூமியின் ஈர்ப்பை மீறத் தேவையான நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகத்தை எட்டாமல் பூமிக்குள்ளேயே தங்கிவிடும் என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது அது எவ்வளவு வேகமாக வளரும்? மறைந்த பரிமாணங்கள் பல இருப்பின் வளர்ச்சி மிகவும் மெதுவானது. சூரியனின் ஆயுள் முடிந்தாலும் பூமிக்கு ஒன்றும் ஆகாது. பரிமாணங்கள் குறைவாக இருந்து வளர்ச்சி வேகமாக அமையுமானால், அதற்குச் சாட்சி வெண்குறு மீன்கள்.

வெண்குறு மீன் என்பது சூரியனின் நிறையைப் பூமியின் அளவுக்குள் திணித்து வைத்தாற்போன்ற, எரிந்து முடிந்த விண்மீன். காஸ்மிக் கதிர்கள் அதன் மேல் மோதிப் பிறப்பிக்கும் கருந்துளை, நிலவையோ பூமியையோ போல அதை ஊடுருவிச் சென்றுவிட முடியாது; அதன் அடர்த்தி அதைத் தடுத்து நிறுத்திவிடும். நிலவு பற்றிய வாதத்தில் இருந்த வேக ஓட்டை இங்கே அடைபட்டுவிடுகிறது. நின்றுபோன கருந்துளை வேகமாக வளரக்கூடியதாக இருந்தால், நூறு கோடி ஆண்டுகளைக் கடந்த வெண்குறு மீன்கள் வானில் எஞ்சியிருக்கக் கூடாது, அவை எஞ்சியிருக்கின்றன. நியூட்ரான் விண்மீன்களைக் கொண்டும் இதே போன்ற வாதம் எழுப்பப்பட்டது. ஆபத்து உண்டெனக் கருதும் எவருடைய கோட்பாட்டுக்கும் எதிராக, வானத்தில் கண்ணால் காணத்தக்க சான்றை நிறுத்தியதுதான் இந்த ஆய்வின் சிறப்பு. மக்களின் அச்சம் இல்லாதிருந்தால் இந்த ஆய்வுக்கட்டுரை எழுதப்பட்டிருக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதே ஆண்டில் செர்ன் நியமித்த பாதுகாப்பு மதிப்பீட்டுக் குழு, இயற்கை இந்தச் சோதனையை ஏற்கெனவே எத்தனை முறை செய்து முடித்திருக்கிறது என்று கணக்கிட்டுச் சொன்னது. நிலையாக நிற்கும் துகளைத் தாக்கி மோதுவியின் விளைவைப் பெற, வானத்துத் துகளுக்கு மோதுவியின் ஆற்றலைப்போல ஏறத்தாழ 7,500 மடங்கு ஆற்றல் தேவை. அந்த அளவைத் தாண்டி ஆயிரம் மடங்குக்கும் மேலான ஆற்றல் கொண்ட காஸ்மிக் கதிர்களும் பதிவாகியுள்ளன. பூமி தோன்றிய நாளிலிருந்து அதன் மீது விழுந்தவற்றை மட்டும் எண்ணினாலே, மோதுவியின் முழு ஆயுட்காலப் பணிக்கு ஈடான மோதல்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் முறை நடந்து முடிந்திருக்கின்றன. குழுவிலிருந்த ஐவரில் பெரும்பாலோர் செர்னிலேயே பணியாற்றியவர்கள். கென்ட் சொன்ன குறை நான்கு ஆண்டுகள் கழிந்தும் களையப்படவில்லை. அறிக்கையின் வாதங்கள் உறுதியானவை. ஆனால் அவற்றை இயற்பியல் தெரிந்து, அதே நேரத்தில் செர்னிடம் ஊதியம் பெறாத வேறு சிலர் எழுதியிருந்தால், நீதிமன்றப் படிகளில் அவற்றுக்குக் கிடைத்திருக்கக்கூடிய மதிப்பே வேறு.

வழக்குகள் 2008 மார்ச்சில் அமெரிக்காவின் ஹவாய் மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கின. தனக்கு அதிகார வரம்பு இல்லை என்று அந்நீதிமன்றம் செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் அதை உறுதி செய்தபோது, மனுதாரர்கள் கூறும் தீங்கு வெறும் ஊகத்தைத் தாண்டவில்லை என்றது. மோதுவியை நிறுத்தி வைக்கக் கோரிய மனுவை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் ஏற்கவில்லை. எந்த நீதிமன்றமும் இயற்பியல் வாதங்களுக்குள் சென்று ஆராயவில்லை என்பதால், அச்சம் கொண்டோருக்கு விடை கிடைத்த நிறைவு கிட்டவில்லை.

மோதுவி இயங்கத் தொடங்கிய 2008 செப்டம்பர் 10ஆம் தேதியை உலகத் தொலைக்காட்சிகள் இறுதி நாளைப் போலக் கொண்டாடின. இந்தியாவின் செய்தி அலைவரிசைகள் சில நாள்கணக்கில் அதையே காட்டிக்கொண்டிருந்தன. மத்தியப் பிரதேசத்தில் அச்செய்திகளைப் பார்த்துக் கலங்கிய 16 வயதுச் சிறுமி ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டதாகச் செய்தி வந்தது. அன்று உண்மையில் நடந்தது என்ன என்பதை யாரேனும் அந்தச் சிறுமிக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். அன்று மோதல் ஒன்றுகூட நடக்கவில்லை. புரோட்டான் கற்றை முதன்முறையாகச் சுரங்கத்தைச் சுற்றி வந்தது, அவ்வளவே. அதுவும் 45,000 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில். அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்திலிருந்த டெவட்ரான் மோதுவி அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றலுள்ள கற்றைகளைப் பல ஆண்டுகளாக மோதவிட்டு வந்தது. செர்ன் மோதுவியில் ஆய்வுப் பணிக்கான உயர் ஆற்றல் மோதல்கள் தொடங்கியது 2010 மார்ச் 30 அன்றுதான்.  நாளைக்கூடச் சரிபார்க்காமல் பரப்பப்பட்ட ஓர் அச்சம் ஓர் உயிரைக் கொண்டுபோனது. இது அறிவியலாளர்கள் மீதும் ஊடகங்கள் மீதும் ஒருசேர விழும் பொறுப்பு.

அடுத்த ஒன்பதாவது நாள், செப்டம்பர் 19 அன்று, மோதுவியில் மெய்யான விபத்து நேர்ந்தது. சுற்றுப்பாதை நெடுகத் துகள் கற்றையை வளைக்கும் மின்காந்தங்கள், மின்தடை முற்றிலும் மறையும்படி மைனஸ் 271 பாகை செல்சியசுக்குத் திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்படுபவை. ஒன்றை அடுத்ததோடு இணைக்கும் மின்கம்பி இணைப்புகள் ஏறத்தாழ 10,000. அவற்றுள் ஒன்று சரியாகப் பற்றவைக்கப்படவில்லை. மின்னோட்டம் 8,700 ஆம்பியரை எட்டியபோது அந்த இடம் சூடேறி உருகி, மின்பொறி பாய்ந்து ஹீலியக் கலத்தைத் துளைத்தது. டன் கணக்கில் வெளியேறிய ஹீலியம் நொடிப்பொழுதில் வாயுவாக விரிந்த விசையில், பல டன் எடையுள்ள காந்தங்கள் தரைப் பிடிப்பிலிருந்து பெயர்ந்தன. காந்தங்களில் மின்னோட்டம் பாயும்போது சுரங்கத்துக்குள் ஆட்கள் அனுமதிக்கப்படுவதில்லை என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. 53 காந்தங்களை மேலே ஏற்றிச் சீர்செய்ய ஓராண்டுக்கு மேல் ஆனது. உலகமே கருந்துளையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த மாதத்தில், எந்தப் பாதுகாப்பு அறிக்கையும் எழுதப்படாத ஒரு பற்றவைப்புப் புள்ளிதான் இயந்திரத்தை நிறுத்தியது. பேராபத்தைப் பற்றிய விவாதம் சிறு ஆபத்துகளின் மீதான கவனத்தை மறைத்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மோதுவி அதன் பிறகு 2012இல் ஹிக்ஸ் துகளைக் கண்டறிந்தது. 2022இல் 13.6 லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட்டில் இயங்கத் தொடங்கியது. நுண் கருந்துளைகளைத் தேடிய ஆய்வுகளில் ஒன்றுகூட அகப்படவில்லை. அச்சம் மட்டும் உருமாறிக்கொண்டே இருக்கிறது. நாம் வாழும் வெற்றிடமே நிலையற்றதாக இருந்து, ஏதேனும் ஒரு மோதலில் வேறொரு நிலைக்குச் சரிந்துவிடுமா என்ற ஐயத்தை 1983இல் பீட் ஹட், மார்ட்டின் ரீஸ் இருவரும் ஆராய்ந்து, காஸ்மிக் கதிர்களின் சான்றைக் கொண்டே தீர்த்து வைத்தனர். 2014இல் அதே கருத்தை ஹாக்கிங் ஒரு நூலின் முன்னுரையில் தொட்டபோது, ஹிக்ஸ் துகள் பேரண்டத்தையே அழிக்கும் என்று தலைப்புகள் வந்தன. அத்தகைய ஆற்றலை எட்டும் முடுக்கி பூமியைவிடப் பெரியதாக இருக்க வேண்டும் என்று அவர் அங்கேயே எழுதியிருந்ததைப் பல செய்திகள் விட்டுவிட்டன.

தமிழகத்தின் தேனி மாவட்டம் இந்த வரலாற்றில் தனியாக எண்ணத்தக்கது. போடி மேற்கு மலையின் அடிவாரத்தில், பொட்டிபுரம் கிராமத்தை ஒட்டிய அம்பரப்பர் மலைக்குள் இந்திய நியூட்ரினோ ஆய்வகத்தை அமைக்கத் திட்டமிடப்பட்டு, 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. இது மோதுவி அன்று; எந்தத் துகளையும் உண்டாக்கவோ முடுக்கவோ இங்கே இடமில்லை. நியூட்ரினோ என்பது மின்னூட்டமற்ற, மிக மிகக் குறைந்த நிறையுள்ள துகள். சூரியனிலிருந்து மட்டும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் நொடிக்கு சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் நம் உடலைக் கடந்து போய்க்கொண்டிருக்கின்றன. 50,000 டன் இரும்புத் தகடுகளை அடுக்கி, இடையிடையே கண்ணாடி உணரிகளை வைத்து, காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் பிறப்பிக்கும் நியூட்ரினோக்களுள் எப்போதாவது ஒன்று இரும்பில் மோதும்போது எழும் தடத்தைப் பதிவு செய்வதே திட்டம். பிற துகள்களின் இரைச்சல் குறுக்கிடாமல் தடுக்க, மேலே ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான பாறை தேவைப்பட்டது. இத்துறையில் இந்தியாவுக்குப் பழைய பெருமை உண்டு: வளிமண்டல நியூட்ரினோக்களை உலகில் முதன்முதலில் பதிவு செய்த சோதனைகளுள் ஒன்று, 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் நடந்தது.

நியூட்ரினோக்களால் கதிர்வீச்சு பரவும், விளைநிலம் பாழாகும், சுரங்கத்தில் அணுக்கழிவைப் புதைக்கப் போகிறார்கள் என்றெல்லாம் ஊர்களில் பேச்சு எழுந்தது. முதல் இரண்டுக்கும் இயற்பியலில் ஆதாரம் இல்லை. மூன்றாவது எங்கிருந்து வந்தது என்பதை விளங்கிக்கொள்வது கடினமன்று. திட்டத்துக்குப் பணம் தந்த துறைகளுள் முதன்மையானது அணுசக்தித் துறை. கூடங்குளத்தில் அதே துறைக்கு எதிரான போராட்டமும் அதை அரசு எதிர்கொண்ட விதமும் அப்போது மக்கள் மனத்தில் ஆறாமல் இருந்தன. மலையைக் குடைந்து இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் அமைக்கும் துறை, உள்ளே இரும்பைத்தான் வைக்கப்போகிறது என்று சொன்னால் நம்புவதற்கு, அதற்கு முன் அது நடந்துகொண்ட முறை துணை நிற்க வேண்டும்.

மலையைப் பற்றிய அச்சங்களோ வேறு தரத்தவை. பல லட்சம் டன் பாறையை வெடிவைத்துப் பெயர்ப்பதும், கற்குவியலை எங்கே போடுவது என்பதும், தண்ணீர் எடுப்பதும், மேற்குத் தொடர்ச்சி மலையின் வன உயிர்களும் சார்ந்தவை அவை. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா திட்ட இடத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பதால், சூழல் அனுமதியைக் கடுமையான பிரிவின் கீழ், உரிய அங்கீகாரம் பெற்ற அமைப்பின் மதிப்பீட்டோடு ஆராய்ந்திருக்க வேண்டும் என்று பூவுலகின் நண்பர்கள் அமைப்பு தொடுத்த வழக்கில், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 மார்ச்சில் அந்த அனுமதியை நிறுத்தி வைத்தது. மத்திய அரசு 2018இல், கட்டடப் பணிகளுக்கான பிரிவில் இதைத் தனிநிகழ்வாக வைத்து மீண்டும் அனுமதி தந்தது. கருவியின் அறிவியலில் இவ்வளவு நுட்பம் காட்டிய ஒரு திட்டம், சூழல் மதிப்பீட்டில் வீடு கட்டும் திட்டங்களுக்குரிய பிரிவுக்குள் நுழைந்துகொண்டது வருந்தத்தக்கது. வன உயிரின வாரியத்தின் அனுமதியும் தேவை என்று அவ்வாண்டு நவம்பரில் தீர்ப்பாயம் கூறியது. 2021 ஜூனில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திட்டத்தைக் கைவிடுமாறு பிரதமரிடம் கோரினார். 2022இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைப் பதிவு செய்தது.

ஆய்வகத்தின் ஆதரவாளர்கள் பல ஆண்டுகளாக ஊர் ஊராகச் சென்று நியூட்ரினோ தீங்கற்றது என்று விளக்கினார்கள். அது உண்மை, ஆனால் திட்டத்தை முடக்கியது நியூட்ரினோ பற்றிய அச்சம் அன்று. துகளைப் பற்றிய தவறான அச்சத்துக்கு விடை சொன்னவர்கள், மலையைப் பற்றிய சரியான கேள்விக்கும் அதே உழைப்போடு, தொடக்கத்திலேயே, முழுமையான மதிப்பீட்டின் வழியாக விடை சொல்லியிருந்தால், அந்த இடம் தகுதியற்றது என்றோ தகுதியுள்ளது என்றோ பத்தாண்டுகளுக்கு முன்பே முடிவாகியிருக்கும். எதிர்த்தவர்களும் ஆதாரமற்ற கதிர்வீச்சுப் பேச்சை விலக்கி வைத்திருந்தால், அவர்களுடைய சூழலியல் வாதத்தின் வலிமை கூடியிருக்குமே தவிரக் குறைந்திருக்காது. மூன்று வகை நியூட்ரினோக்களின் நிறைகள் எந்த வரிசையில் அமைகின்றன என்பதே பொட்டிபுரத்தில் தேடவிருந்த விடை. அதே விடையைத் தேடிச் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் 700 மீட்டர் ஆழத்தில் அமைந்த ஜூனோ ஆய்வகம் 2025 ஆகஸ்டில் தரவு சேகரிக்கத் தொடங்கிவிட்டது. இந்தியக் குழுவின் கைவசம் இப்போது இருப்பது மதுரையில் இயங்கும் 85 டன் முன்மாதிரிக் கருவி.

ஜெனீவாவிலும் அடுத்த கட்டம் நெருங்குகிறது. 91 கிலோமீட்டர் சுற்றளவில் புதிய மோதுவிக்கான சாத்தியக்கூறு அறிக்கையைச் செர்ன் 2025 மார்ச்சில் வெளியிட்டது. அதன் இறுதிக் கட்டத்தில் மோதல் ஆற்றல் இன்றைய அளவைப்போல ஆறு மடங்குக்கு மேல் இருக்கும். காஸ்மிக் கதிர்களின் சான்று அந்த ஆற்றலுக்கும் பொருந்துகிறது. வளையம் கடந்து செல்லவிருக்கும் பிரெஞ்சு, சுவிஸ் கிராமங்களில் வாழ்வோர் கேட்பதோ, தோண்டியெடுக்கும் மண் எந்த வயலில் கொட்டப்படும், இயந்திரம் எவ்வளவு மின்சாரம் குடிக்கும், எந்த ஊரில் கட்டுமானத் தளம் எழும் என்பவை. வெண்குறு மீன்களிடம் விடை கேட்க இயலாத கேள்விகள் இவை. வெண்குறு மீன்களிடம் விடை கேட்க இயலாத கேள்விகள் இவை. அதற்குள் கிராமத்தாரோடு உட்கார்ந்து பேசித்தான் இவற்றுக்கு விடை காண வேண்டும்.